செலவழித்த பிறகு கேட்கப்படும் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

அரசுக் கணக்குத் தணிக்கை பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதே நாடாளுமன்றம்தான். பணம் தந்தவர்களே கணக்கும் கேட்டுக்கொள்ளலாமே. நடுவில் தணிக்கையாளர் என்று ஒருவர் எதற்கு?

பதில்: கணக்குக் கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உரியது, தணிக்கையாளர் அதில் பங்கு கேட்பதில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்க முடியும். துறைகள் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை அவையின் முன் வரும்போது அதில் இருப்பது ஒரு துறையின் பெயரும் சில தலைப்புகளும் அவற்றுக்கு எதிரே தொகைகளும் மட்டுமே. செலவு நடப்பதோ அதன் பிறகு, ஓராண்டு முழுவதும், ஆயிரக்கணக்கான அலுவலகங்களில், ஒப்பந்தங்களாகவும் கொள்முதல் ஆணைகளாகவும் சம்பளப் பட்டியல்களாகவும். அந்தக் கோப்புகளை வாங்கிப் படிக்க உறுப்பினருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் தனி உறுப்பினர் என்ற முறையில் அதிகாரமும் இல்லை. அமைச்சரைக் கேட்டால் அமைச்சர் சொல்ல விரும்பியது கிடைக்கும். செலவழித்தவர் தரும் விவரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரையே குறுக்கு விசாரணை செய்வது நடக்கிற காரியம் அல்ல.

இந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாடு பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் 1861இல் மக்களவையின் பொதுக் கணக்குக் குழு அமைய வழிசெய்தார். 1866இல் இயற்றப்பட்ட சட்டம் எல்லாத் துறைகளும் ஆண்டுதோறும், அனுமதித்த தொகையையும் செலவான தொகையையும் ஒப்பிடும் ஒதுக்கீட்டுக் கணக்குகளைத் தயாரிக்க வேண்டும் என்று விதித்ததோடு, அவற்றைத் தணிக்கை செய்து அவைக்கு அறிக்கை தரும் தலைமைத் தணிக்கையாளர் பதவியையும் தோற்றுவித்தது. அவை பணத்தை அனுமதிக்கிறது; துறை செலவழிக்கிறது; தணிக்கையாளர் பார்வையிடுகிறார்; அவர் கண்டதை வைத்துக் குழு விசாரிக்கிறது; குழுவின் அறிக்கை அவைக்கே திரும்புகிறது. காமன்வெல்த் நாடுகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றையே சிறு மாற்றங்களுடன் பின்பற்றுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் இத்தகைய குழுக்கள் 1921இலேயே, அதாவது விடுதலைக்கு முன்பே, தொடங்கிவிட்டன.

கேள்வி: தணிக்கையாளரும் அரசிடம் சம்பளம் வாங்குபவர்தானே? அவரை எப்படி நம்புவது?

பதில்: நியாயமான சந்தேகம். அவருடைய சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வருவதில் தவறில்லை. அதை நிறுத்தவும் குறைக்கவும் அவரை வீட்டுக்கு அனுப்பவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. உலக நாடுகளின் தணிக்கை அமைப்புகள் சேர்ந்து 1977இல் வெளியிட்ட லிமா பிரகடனம், தணிக்கைக்கு உட்படும் அமைப்பிலிருந்து விலகி நிற்காத தணிக்கையாளரால் பணியை நடுநிலையாகச் செய்ய முடியாது என்று அறிவித்தது, 2011இல் ஐ.நா. பொதுச் சபையும் இந்தத் தற்சார்பின் முக்கியத்துவத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

நடைமுறையில் ஒவ்வொரு நாடும் வேறு வேறு காப்புகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கணக்காய்வு அலுவலகத்தின் தலைவருக்கு 15 ஆண்டுப் பதவிக்காலம். அவரை நியமித்த அதிபர் போய் வேறொருவர் வந்தாலும் இவர் இருப்பார். பிரிட்டனில் 10 ஆண்டுகள், மறு நியமனம் கிடையாது. நியமனத்துக்குப் பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் இசைவு வேண்டும். அலுவலகத்தின் செலவுத் தொகையை நிதியமைச்சகம் அல்லாமல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய ஓர் ஆணையம் பரிசீலிக்கிறது. இந்தியாவில் அரசமைப்பின் 148ஆம் பிரிவுப்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையில்தான் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் அவர் எந்தப் பதவியும் ஏற்கக் கூடாது. அலுவலகத்தின் நிர்வாகச் செலவு அவையின் வாக்கெடுப்புக்கு உட்படாமல், அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாக வழங்கப்படுகிறது.

ஆயினும் நியமனம் என்ற வாசல் பல நாடுகளில் திறந்தே கிடக்கிறது. இந்தியாவில் அவரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சிக்கு இடமளிக்கும் தேர்வுக் குழு எதுவும் அரசமைப்பில் சொல்லப்படவில்லை. நடப்பில் அரசே தேர்ந்தெடுக்கிறது. தன்னைத் தணிக்கை செய்யப் போகிறவரைத் தானே தேர்ந்தெடுப்பது, பின்னால் எத்தனை காப்புகள் இருந்தாலும், குறைதான் என்பது என் கருத்து.

கேள்வி: தணிக்கையில் ஒரு தவறு கண்டுபிடிக்கப்பட்டால், அது நாடாளுமன்றக் குழுவுக்குப் போய்ச் சேரும்வரை என்ன நடக்கிறது?

பதில்: வெளியே தெரியாத வேலை முழுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தணிக்கைக் குழு ஓர் அலுவலகத்துக்குச் சென்று ஆவணங்களைக் கேட்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், அளவுப் புத்தகம், இருப்புப் பதிவேடு, பணப் பட்டுவாடாச் சீட்டு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாத இடத்தில் எழுத்து மூலம் வினா எழுப்புகிறது. அலுவலகம் பதில் தருகிறது. பல வினாக்கள் அந்தப் பதிலோடு முடிந்துவிடும். முடியாதவை ஆய்வு அறிக்கையில் பத்திகளாகின்றன. அவற்றிலும் கனமானவை வரைவுப் பத்தியாகத் துறைச் செயலருக்கு அனுப்பப்பட்டு, குறித்த காலத்துக்குள் விளக்கம் கேட்கப்படுகின்றன. துறையின் விளக்கமும் அதைத் தணிக்கை ஏற்றதா, ஏற்கவில்லையெனில் ஏன் என்பதும் இறுதி அறிக்கையிலேயே இடம்பெறும்.

இந்த நீண்ட கடிதப் போக்குவரத்து வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இதன் பலன் விசாரணை நாளன்று தெரியும். பிரிட்டனில் அறிக்கை வெளியாகும் முன்பே அதிலுள்ள தகவல்களைத் துறையோடு சரிபார்த்து ஒத்துக்கொள்ள வைத்துவிடுவார்கள். ஆகவே குழுவின் முன் வந்து உட்காரும் துறைச் செயலர், ‘இப்படி நடக்கவே இல்லை’ என்று தொடங்க முடியாது. நடந்ததா என்ற வாதத்தில் வீணாகியிருக்கக்கூடிய நேரம் முழுவதும் ஏன் நடந்தது, யார் அனுமதித்தது, இனி என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கிறது. விசாரணைக்கு முன் தணிக்கை அதிகாரிகள் உறுப்பினர்களுக்கு விவரம் தந்து கேள்விகளுக்கான குறிப்புகளையும் வழங்குவார்கள், விசாரணையின்போதும் உடனிருப்பார்கள். பிறகு குழு தன் பரிந்துரைகளை அவையில் வைக்கும். பிரிட்டனில் பொதுவாக இரண்டு மாதத்துக்குள்ளும் இந்தியாவில் ஆறு மாதத்துக்குள்ளும் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது முறை.

இந்த ஏற்பாடு முழுமையாக வேலை செய்ததற்கு மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் தந்த உதவி நல்ல எடுத்துக்காட்டு. அந்த நீர்மின் திட்டம் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது, வேறு வழியில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்று வெளிநாட்டு உதவித் துறையின் நிரந்தரச் செயலர் டிம் லாங்கஸ்டர் கருதினார். பிரிட்டனில் துறைச் செயலரே அத்துறையின் கணக்குக்குத் தனிப்பட்ட முறையில் அவைக்குப் பொறுப்பானவர். ஏற்க முடியாத செலவைச் செய்யும்படி அமைச்சர் சொன்னால், அதை எழுத்து மூலம் உத்தரவாகத் தரும்படி அவர் கேட்கலாம். அந்த உத்தரவு தணிக்கையாளரின் பார்வைக்குப் போகும். 1991இல் லாங்கஸ்டர் அப்படிக் கேட்டார். அமைச்சர்கள் எழுத்து மூலம் உத்தரவிட, 234 மில்லியன் பவுண்டு உதவி உறுதியானது. 1993இல் தணிக்கை அலுவலகம் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. 1994இல் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. ஆயுத விற்பனையோடு இந்த உதவிக்கு இருந்த தொடர்பும் பொதுவெளிக்கு வந்தது. அந்த விவரங்களின் துணையோடு ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுக்க, அதே ஆண்டு நவம்பரில் இந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தணிக்கையாளர் யாருக்கும் தண்டனை தரவில்லை, எந்தச் செலவையும் ரத்து செய்யவில்லை. ஓர் அதிகாரியின் கோப்புக் குறிப்பு அவைக்கும் அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போய்ச் சேர வழி அமைத்துக் கொடுத்தார்.

கேள்வி: ஆயிரக்கணக்கான கோடி இழப்பு என்று தணிக்கை அறிக்கை சொல்கிறது, ஒருவரும் சிறைக்குப் போவதில்லை. பிறகு இதனால் என்ன பயன்?

பதில்: தணிக்கையின் முடிவும் குற்றத் தீர்ப்பும் இரு வேறு அளவுகோல்களால் எட்டப்படுபவை. விதி மீறப்பட்டது, பணம் வீணானது என்று தணிக்கை நிறுவலாம். அதில் இன்னாருக்குக் குற்ற நோக்கம் இருந்தது என்று நிறுவ வேண்டியவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2ஜி அலைக்கற்றை அறிக்கையை நினைவுகூரலாம். 2010 நவம்பரில் அவையில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, உரிமங்கள் ஏலமின்றி வழங்கப்பட்டதால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்புக்குப் பல கணிப்புகளைத் தந்தது. அவற்றில் மிகப் பெரியதான 1.76 லட்சம் கோடி ரூபாயைத்தான் தலைப்புச் செய்திகள் எடுத்துக்கொண்டன; அது அனுமானக் கணிப்பு என்பதும் மற்றக் கணிப்புகள் மிகக் குறைவானவை என்பதும் மறைந்தே போயின. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. உரிமம் வழங்கிய முறை செல்லாது என்பதும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நாடாளுமன்ற மேற்பார்வை என்ற கோணத்தில் பார்த்தால் எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது: இதை விசாரித்த பொதுக் கணக்குக் குழு 2011இல் கட்சி வாரியாகப் பிளவுபட்டு, தலைவரின் வரைவு அறிக்கையை ஏற்காமல் கலைந்தது. அவை பேச வேண்டிய இடத்தில் அவையின் குரல் இல்லாமற்போனதால் எல்லாம் நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது.

தண்டிக்கும் அதிகாரம் தணிக்கைக்கே இருக்கும் ஏற்பாடுகளும் உண்டு. பிரான்சில் 1807இல் நெப்போலியன் காலத்தில் நிறுவப்பட்ட கணக்கு நீதிமன்றத்தின் உறுப்பினர்கள் நீதிபதிகள். பொதுப் பணத்தைக் கையாண்டவர்களின் தவறுகளை விசாரிக்கும் மரபு அதற்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், தணிக்கையின் பரிந்துரையைத் தொடர்ந்து புறக்கணித்தால் இழப்புத் தொகையைத் துறையின் கணக்குப் பொறுப்பாளர்மீதே கடனாக விதிக்கும் எல்லை வரை போகிறது. இலங்கையின் 2018ஆம் ஆண்டுத் தேசியக் கணக்காய்வுச் சட்டத்திலும் இழப்பை உரியவரிடமிருந்து மீட்பதற்கு இடமுண்டு.

ஆயினும் சிறைவாசம் ஒன்றே பயன் என்று அளப்பது சரியல்ல. கனடாவில் 2004 பிப்ரவரியில் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃபிரேசரின் அறிக்கை, நிகழ்ச்சிகளுக்குப் பணம் தந்து அரசை விளம்பரப்படுத்தும் விளம்பர ஆதரவுத் திட்டத்தில் செலவான 250 மில்லியன் டாலரில் 100 மில்லியனுக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குக் கட்டணமாகவும் தரகாகவும் போனதை வெளிப்படுத்தியது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது, விசாரணை ஆணையம் அமைந்தது, பின்னர் சிலர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றனர். ஆளும் கட்சி முதலில் பெரும்பான்மையையும் அடுத்த தேர்தலில் ஆட்சியையும் இழந்தது.

கேள்வி: ஒரு திட்டமே தேவையற்றது என்று தணிக்கையாளர் சொல்லலாமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் சொல்லக் கூடாது. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டுச் சட்டம், சிக்கனம், திறன், பயன்விளைவு ஆகிய மூன்றையும் ஆராய அதிகாரம் தந்துவிட்டு, கொள்கை நோக்கங்களின் தகுதியைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்றும் கோடு கிழிக்கிறது. பள்ளி மாணவர்களுக்குக் கணினி வழங்குவது என்று அரசு முடிவெடுத்தால், வழங்கலாமா என்பது கொள்கை. அது தேர்தலில் வென்றவரின் உரிமை. வாங்கிய விலை சந்தை விலையை ஒட்டியதா, மின் இணைப்பே இல்லாத பள்ளிக்கு அனுப்பப்பட்டதா, உறை பிரிக்காமல் கிடங்கில் கிடந்தே உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்பவை தணிக்கைக்கு உரியவை. பின்னதை நேர்மையாக எழுதினால் முன்னதைப் பற்றி வாசகரே ஒரு முடிவுக்கு வருவார் என்பது உண்மைதான்; அமைச்சர்கள் ‘எல்லை மீறல்’ என்று சீறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்தக் கோட்டால் குழுவுக்கும் ஒரு நன்மை உண்டு. கொள்கையைப் பேசத் தொடங்கினால் உறுப்பினர்கள் கட்சிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். கிடங்கில் கிடக்கும் கணினியைப் பற்றி ஆளும் கட்சி உறுப்பினரும் கோபப்பட முடியும். குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குத் தரப்படும் மரபு பிரிட்டனில் நெடுங்காலமாகவும் இந்தியாவில் 1967 முதலும் இருப்பதும், இந்தியாவில் அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாமலிருப்பதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

கேள்வி: எல்லா ரசீதுகளையும் பார்ப்பார்களா?

பதில்: இல்லை, பார்க்கவும் முடியாது. ஆபத்து அதிகமுள்ள இடங்களையும் பெருந்தொகைகளையும் முன்னிறுத்தி, மற்றவற்றில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். ஆகவே ஓர் அறிக்கையில் ஒரு துறையின் பெயர் இல்லாததால் அத்துறை சுத்தமானது என்று பொருளாகாது.

கேள்வி: அறிக்கைகள் ஆண்டுகள் கடந்து வருகின்றன, வந்தாலும் குழு எடுத்துப் பேசுவதில்லை. இதற்கு என்ன வழி?

பதில்: தாமதம் இரண்டு இடங்களில் நுழைகிறது. முதலாவது, துறைகள் ஆவணம் தராமலும் பதில் எழுதாமலும் இழுத்தடிப்பது. அடுத்தது, முடிந்த அறிக்கை அவையின் மேசைக்கு வராமல் அரசின் கையிலேயே தங்கிவிடுவது. இந்தியாவில் 151ஆம் பிரிவின்படி அறிக்கை குடியரசுத் தலைவரிடமும் மாநிலங்களில் ஆளுநரிடமும் தரப்படுகிறது. அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அரசமைப்பு சொல்லவில்லை. சங்கடமான அறிக்கைகள் கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசைக்கு வருவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. தணிக்கையாளரே அறிக்கையை நேராக அவைத் தலைவருக்கு அனுப்பும் முறை இருக்கும் நாடுகளில் இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

குழுவின் பக்கமும் நெருக்கடி உண்டு. வரும் பத்திகள் நூற்றுக்கணக்கில். கூடும் நாட்கள் சொற்பம். ஆகவே சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வாய்மொழி விசாரணைக்கு எடுப்பதும், மற்றவற்றுக்கு எழுத்து மூலம் நடவடிக்கைக் குறிப்பு பெற்று அதைத் தணிக்கையாளரிடமே சரிபார்க்கக் கொடுப்பதும் வழக்கமாகியிருக்கிறது. அரசு ‘செய்துவிட்டோம்’ என்று எழுதுவதை அப்படியே ஏற்காமல், செய்யப்பட்டதா என்று மீண்டும் போய்ப் பார்க்கும் தணிக்கைதான் பரிந்துரைக்கு உயிர் தருகிறது. அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் தன் ஒவ்வொரு பரிந்துரையின் நிலையையும் பொதுமக்கள் பார்க்கும்படி பட்டியலிட்டு வைப்பதும், ஆபத்து மிகுந்த திட்டங்களின் பட்டியல் ஒன்றை 1990 முதல் புதுப்பித்து வருவதும் நிதி ஒதுக்கீடு பற்றி முடிவெடுக்கும் உறுப்பினர்களுக்குப் பெரிதும் உதவுகின்றன. ஒரு துறை மறு ஆண்டு கூடுதல் பணம் கேட்டு வரும்போது, முந்தைய பரிந்துரைகளில் எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்ற விவரம் உறுப்பினர் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேள்வி: சாதாரண வாசகர் ஒரு தணிக்கை அறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: முன்னுரைச் சுருக்கத்தில் நின்றுவிடாதீர்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு துறையின் பத்தி ஒன்றை எடுத்து, அதன் கடைசி வரிகளுக்குச் செல்லுங்கள். ‘துறை தவறை ஏற்றுக்கொண்டது’, ‘துறையின் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில்’, ‘பதில் வரவில்லை’ என்ற மூன்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். மூன்றாவது வகைப் பத்திகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு இழப்பு என்று சொல்லப்படும் தொகை எவ்வகையானது என்று பாருங்கள்: கையை விட்டுப் போன பணமா, வசூலிக்கத் தவறிய வருவாயா, செலவழித்தும் பயன்படாமல் கிடக்கும் சொத்தா, பணம் உரிய வேலைக்குச் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வராததால் கணக்கில் நிற்கும் தொகையா? நான்கையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் மேடைப் பேச்சுகள் ஏராளம். கடைசியாக, அதே துறையைப் பற்றிய முந்தைய அறிக்கை கிடைத்தால் அருகில் வைத்துப் படியுங்கள். அதே குறை அதே வாசகத்தில் இரண்டிலும் இருந்தால், உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது இரு அறிக்கைகளின் ஆண்டையும் பத்தி எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். பதில் எழுதுபவர் பொதுவாகப் பேசி நழுவுவது கடினமாகும்.